மெக்சிக்கோ ஆட்சிக்கால எல்லைப்புறம்: எந்தச் சொற்களை எந்த ஒழுங்கிலை படிப்பிக்கிறது?

நல்லூரடி:

எல்லாருக்கும் வணக்கம். 1821 தொடக்கம் 1836 வரை மெக்சிக்கோவின் வடக்கு எல்லைப்புறம், முக்கியமா டெக்சாஸ், எப்பிடி ஆளப்பட்டது, காணி எப்பிடிக் குடுக்கப்பட்டது எண்ட பகுதிக்குத் தமிழிலை ஒரு சொல்லடைவு தேவைப்படுது. முப்பது சொல் வரை சேர்ந்திட்டுது. அகரவரிசையிலை அடுக்கினால் பிள்ளையள் பாடமாக்கினம். ஆனா ஒரு சொல்லை இன்னொண்டோட தொடுத்து எழுதச் சொன்னால் நிண்டு போயினம்.

மூண்டு இடத்திலை தெளிவு வேணும். எம்ப்ரெசாரியோவை "நிலவுடைமையாளர்" எண்டு போடலாமோ? அல்கால்தேக்கு "நகரபிதா" சரியோ? வாரா, லபோர், சித்தியோ, லீக் எல்லாம் எங்கடை அளவிலை எவ்வளவு? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

தோம்புக்காரன்:

அகரவரிசையை விடுங்கோ. ஒரு குடும்பம் காணி கேட்டு வந்ததிலை இருந்து கையிலை பத்திரம் கிடைக்கிற வரைக்கும் அந்தக் கடதாசி ஆர் ஆரின்ரை கைக்குப் போச்சுது எண்ட ஒழுங்கிலை வையுங்கோ. உங்கடை முப்பதிலை அரைவாசி தானா அததின்ரை இடத்திலை வந்து நிக்கும்.

முதல் ஆள் எம்ப்ரெசாரியோ. நிலவுடைமையாளர் எண்டு போடக்கூடாது. அந்த ஒரு பிழை பின்னுக்கு வாற எல்லாத்தையும் குழப்பும். அவர் அரசோட ஒப்பந்தம் செய்தவர். குறிச்ச தொகைக் குடும்பங்களை ஆறு வருசத்துக்குள்ளை கொண்டுவந்து இருத்த வேணும். ஒப்பந்த வரைபடத்துக்குள்ளை கிடக்கிற காணி அவற்றை சொத்தில்லை. குடும்பங்களை இருத்தினாப் பிறகுதான் அவருக்குப் பங்கு: 1825 மார்ச் 24 ஆம் திகதி வந்த கொவாவுய்லா–டெக்சாஸ் மாநிலக் குடியேற்றச் சட்டப்படி 100 குடும்பத்துக்கு 5 சித்தியோ மேய்ச்சல் காணியும் 5 லபோர் பயிர்க்காணியும். 800 குடும்பத்துக்கு மேலை கொண்டுவந்தாலும் பங்கு 800க்குத்தான். 100 குடும்பமாவது சேராட்டி ஒப்பந்தம் போச்சு. "குடியேற்ற ஒப்பந்தகாரர்" எண்டு போட்டால் பொருள் கெடாது.

இனிக் கடதாசியைப் பின்தொடருவம். வாற ஆள் கொலோனோ, அதாவது குடியேறி. அவர் முந்தி இருந்த ஊர் அதிகாரியிட்டை கிறிஸ்தவர், நல்லொழுக்கமானவர் எண்டு நற்சான்று கொண்டுவர வேணும். அரசியலமைப்புக்குக் கட்டுப்படுவன் எண்டு சத்தியம் செய்ய வேணும். எம்ப்ரெசாரியோ அவரை ஏற்றுக்கொண்டதா எழுதிக் குடுப்பார். அதுக்குப் பிறகு முத்திரைத்தாளிலை விண்ணப்பம். அந்தத் தாளுக்குப் பேர் பாபெல் செல்யாதோ. விண்ணப்பத்தின்ரை நிலைக்கேற்ப தாளின்ரை தரமும் விலையும் மாறும்.

விண்ணப்பம் போறது கொமிசியோனாதோவிட்டை. இந்தச் சொல்லுக்குச் சொல்லடைவிலை பெரிய இடம் குடுங்கோ. மாநில ஆளுநர் நியமிச்ச காணி ஆணையாளர் இவர். பட்டயத்தை அரசின்ரை பேரிலை எழுதிக் குடுக்கிற அதிகாரம் இவருக்குத்தான், எம்ப்ரெசாரியோவுக்கு இல்லை. ஸ்டீவன் ஒஸ்டின் எண்ட எம்ப்ரெசாரியோவின்ரை குடியேற்றத்திலை 1824 இல் முதல் பட்டயங்களைக் குடுத்தவர் ஆணையாளர் பரோன் தெ பஸ்திரோப், ஒஸ்டின் இல்லை. இதை விளங்கின பிள்ளைக்கு எம்ப்ரெசாரியோ ஆர் எண்டு திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

ஆணையாளர் எம்ப்ரெசாரியோவின்ரை அபிப்பிராயம் கேப்பார். பிறகு நில அளவையாளருக்குக் கட்டளை போகும். அவர் ஆத்தங்கரையிலையோ ஒரு மரத்திலையோ தொடங்கி, எந்தத் திசையிலை எத்தினை வாரா எண்டு எழுதிக்கொண்டு போவார். மூலையளிலை நிக்கிற மரங்களைச் சாட்சி மரமாக் குறிப்பார். அதுக்குப் பிறகு உடைமையேற்பு. ஆளைக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்ட, அவர் புல்லைப் பிடுங்கி, கல்லை எறிஞ்சு, முளை அடிச்சு, இது தன்ரை எண்டு காட்டுவார். பட்டயத்திலை இந்தச் செயல்களையும் எழுதுவினம். அலங்காரத்துக்கு எழுதினதெண்டு தள்ளிவிடாதேங்கோ, அது உடைமை கைமாறினதுக்கான சட்டச் சான்று.

காசு விசயம்: ஒரு சித்தியோ மேய்ச்சல் காணிக்கு 30 பெசோ. நீர்ப்பாசனம் இல்லாத லபோருக்கு 2½, நீர்ப்பாசனம் உள்ளதுக்கு 3½. முதல் மூண்டு வருசமும் ஒண்டும் இல்லை. நாலாம், ஐஞ்சாம், ஆறாம் வருசத்திலை மூண்டு தவணையாக் கட்ட வேணும். ஆறு வருசத்துக்குள்ளை பயிர் செய்யாமல் அல்லது இருக்காமல் விட்டால் உரிமை போகும். அரசு ஆளை இருத்தத்தான் காணி குடுத்தது, விக்கிறதுக்கில்லை. அதாலைதான் ஒஸ்டின் தொடக்கத்திலை ஏக்கருக்கு 12½ சதம் எண்டு குடியேறிகளிட்டை அறவிடப் பார்க்க, அது முறைப்பாடாகி மேலிடம் வரைக்கும் போனது.

எம்ப்ரெசாரியோ தன்னை உடைமையாளர் எண்டு நினைச்சால் என்ன நடக்கும் எண்டதுக்கு ஹேடன் எட்வர்ட்ஸ். 1825 இல் நகோடோச்சஸ் பக்கம் 800 குடும்பத்துக்கு ஒப்பந்தம். முந்தி இருந்த ஆக்களின்ரை உரிமையை மதிக்க வேணும் எண்டு ஒப்பந்தத்திலையே கிடக்கு. அவர் என்ன செய்தவர் எண்டால், பழைய குடிகள் பத்திரம் காட்டட்டும், காட்டாட்டி காணியை வித்துப்போடுவன் எண்டு அறிவித்தல் ஒட்டினவர். ஒப்பந்தம் ரத்தாச்சு, 1826 டிசம்பரிலை அவற்றை ஆக்கள் ஃபிரிடோனியாக் குடியரசு எண்டு பிரகடனம் செய்ய, 1827 சனவரியோட அது அடங்கிப் போச்சு. ஒஸ்டினின்ரை ஆக்களே அரசுப் பக்கம் நிண்டவை.

வலிகாமம் வாசகி:

அளவுகளை நான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை வாரா என்ற நீள அளவு. டெக்சாஸ் வாரா 33⅓ அங்குலம், அதாவது ஒரு யார் நீளத்துக்கு (36 அங்குலம்) கிட்டத்தட்ட மூன்று அங்குலம் குறைவு.

1,000 வாராவுக்கு 1,000 வாரா ஒரு லபோர். ஏக்கரில் 177.1. எங்கள் கணக்கில் பரப்பு ஒன்றுக்கு 10 பேர்ச்சஸ், ஏக்கருக்கு 16 பரப்பு. ஆகவே ஒரு லபோர் ஏறக்குறைய 2,834 பரப்பு. 5,000 வாராவுக்கு 5,000 வாரா ஒரு சித்தியோ: 4,428.4 ஏக்கர், ஏறக்குறைய 70,850 பரப்பு. ஒரு சித்தியோவில் சரியாக 25 லபோர் அடங்கும். பரப்புக் கணக்கில் தோட்டம் செய்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மிசிசிப்பிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஏன் புறப்பட்டு வந்தார்கள் என்பதற்கு அதைவிட விளக்கம் தேவைப்படாது. அந்த நேரம் அமெரிக்க அரசிடம் பொதுக்காணி வாங்குவதென்றால் ஏக்கருக்கு 1.25 டொலர், அதுவும் 1820 க்குப் பிறகு கடன் இல்லை, கைக்காசு.

இதில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் வழுக்குவார்கள்.

லீக் என்பது தூரமும் ஆகும், பரப்பளவும் ஆகும். "ஒரு லீக் காணி கிடைத்தது" என்றால் அது சித்தியோ. 1824 ஓகஸ்ட் 18 கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தில் "கரையிலிருந்து 10 லீக், அயல்நாட்டு எல்லையிலிருந்து 20 லீக்" என்று வருவது தூரம். தூர லீக் 5,000 வாரா, 4.23 கிலோமீற்றர். கரையோர ஒதுக்கம் அப்படியானால் சுமார் 42 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற தூரத்தைவிடக் கூட. எல்லையோர ஒதுக்கம் சுமார் 85. இந்த இரண்டு பட்டிக்குள்ளும் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் மாநிலம் குடியேற்ற முடியாது.

மற்றது, "குடும்பத்துக்கு ஒரு சித்தியோவும் ஒரு லபோரும், 4,605 ஏக்கர்" என்று எல்லா இடத்திலும் ஒரே எண்ணை எழுதுவது. அது மெக்சிக்கோ பேரரசாக இருந்தபோது வந்த 1823 சனவரிச் சட்டத்தின் கீழ் வந்த ஒஸ்டினின் முதல் 300 குடும்பங்களுக்குப் பொருந்தும். 1825 மாநிலச் சட்டத்தின்படி பயிர் மட்டும் செய்பவருக்கு ஒரு லபோர். மாடும் வளர்த்தால் மேய்ச்சல் காணி சேர்த்து மொத்தம் ஒரு சித்தியோ ஆக்கிக் கொடுப்பார்கள். தனி ஆளுக்குக் கால்வாசி, கலியாணம் கட்டினால் மிச்சம். எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி என்று கேட்காமல் எண்ணை எழுதக்கூடாது.

உச்ச வரம்பையும் சேருங்கள்: ஒரு ஆளுக்கு 11 சதுர லீக். நீர்ப்பாசனக் காணி 1, மானாவாரி 4, மேய்ச்சல் 6.

கொக்குவில் கிழக்கு:

தங்கச்சி, அல்கால்தேக்கு நகரபிதா பாதிச் சரி. மற்றப் பாதியை அது மறைச்சுப்போடும். அல்கால்தே அயுந்தமியெந்தோவின்ரை, அதாவது நகரசபையின்ரை, தலைவர். அதே ஆள்தான் கீழ்நிலை நீதவானும். வழக்கு ஒண்டு முறையாத் தொடங்க முந்தி, இரண்டு பகுதியும் ஆளுக்கொரு நல்ல மனிசரைக் கூட்டிக்கொண்டு அவருக்கு முன்னாலை வந்து இணக்கத்துக்குப் பார்க்க வேணும். எங்கடை இணக்கசபையைத் தெரிஞ்ச பிள்ளைக்கு இது உடனை விளங்கும். பெரிய வழக்கெண்டால் ஏடுகளை மாநிலத் தலைநகர் சல்தியோவிலை இருக்கிற சட்ட ஆலோசகருக்கு அனுப்பி அவற்றை கருத்து வந்தால்தான் தீர்ப்பு. எத்தினையோ நூறு மைல். மாதக்கணக்கா இழுபடும். குடியேறிகளின்ரை முறைப்பாட்டிலை நீதி தாமதம் திரும்பத் திரும்ப வாறது இதாலைதான். நான் எண்டால் "அல்கால்தே" எண்ட சொல்லை அப்பிடியே வைச்சு, "நகரத் தலைவரும் நீதவானும்" எண்டு விளக்கம் போடுவன்.

அயுந்தமியெந்தோ நகரசபை. அதிலை ரெஹிதோர் உறுப்பினர். சிந்திகோ சபையின்ரை சட்டப் பேச்சாளரும் காசு விசயத்தைக் கவனிக்கிறவரும். 1828 இல் சான் பெலிப்பே தெ ஒஸ்டினிலை சபை அமைஞ்சபோது ஒரு அல்கால்தே, இரண்டு ரெஹிதோர், ஒரு சிந்திகோ. இதை "மாநகரசபை" எண்டு போடாதேங்கோ. சபையின்ரை அதிகாரம் பட்டினத்தோட நிக்கேல்லை, சுத்தியிருக்கிற முழுக் குடியேற்றத்துக்கும் போகும். சபை வைக்கிற அளவுக்குச் சனம் இல்லாத ஊரிலை கொமிசாரியோ இருப்பார்.

இவைக்கு மேலை ஹெஃபே பொலித்திகோ. சொல்லுக்குச் சொல் "அரசியல் தலைவர்" எண்டு பெயர்த்தால் கட்சித் தலைவர் மாதிரிக் கிடக்கும். ஆளுநர் நியமிக்கிற திணைக்கள நிர்வாகி அவர். சான் அந்தோனியோ தெ பெஹாரிலை இருந்துகொண்டு அயுந்தமியெந்தோக்களுக்கும் சல்தியோ ஆளுநருக்கும் இடையிலை போற வாற எல்லாக் கடிதமும் அவற்றை மேசைக்கு மேலாலைதான். ஹொசே அந்தோனியோ சவுசேதோ, ரமோன் மூஸ்கிஸ் இரண்டு பேரையும் பெயர் சொல்லிப் படிப்பியுங்கோ. முந்தின காலத்து அரசாங்க அதிபரை நினைச்சால் வேலை விளங்கும், ஆனா ஒரு வித்தியாசம்: அரசாங்க அதிபர் கொழும்புக்குப் பதில் சொன்னவர், ஹெஃபே மெக்சிக்கோ நகரத்துக்கில்லை, மாநிலத்துக்குப் பதில் சொன்னவர்.

அந்த வித்தியாசம் வாறது 1824 ஒக்டோபர் 4 அரசியலமைப்பாலை. இதுக்குச் "சமஷ்டி" எண்ட சொல்லையே பாவியுங்கோ. எங்கடை ஊரிலை அந்தச் சொல்லை ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. டெக்சாஸுக்குத் தனி மாநிலம் கிடைக்கேல்லை. 1824 மே 7 இல் கொவாவுய்லாவோட சேர்த்துப்போட்டினம், தலைநகர் சல்தியோ. பெஹாருக்கு முந்தி இருந்த மாகாணப் பிரதிநிதித்துவ சபையும் அதோட போச்சு. டெக்சாஸ் குடியேறிகள் கூட்டின 1833 மாநாட்டின்ரை முதல் கோரிக்கை தனி மாநிலம்; பிரிஞ்சு போறதில்லை. இந்தக் கட்டத்தை விட்டுப்போட்டு நேரை 1836 டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்துக்குப் பாஞ்சால் சொற்களுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

"தெபார்தமெந்தோ"விலை மட்டும் கவனமா இருங்கோ. 1825 க்குப் பிறகு அது மாநிலத்துக்குள்ளை ஒரு பிரிவு, ஹெஃபேயின்ரை பிரிவு. 1835 டிசம்பருக்கும் 1836 டிசம்பருக்கும் இடையிலை வந்த ஏழு சட்டங்கள் மாநிலங்களையே கலைச்சு தெபார்தமெந்தோ ஆக்கி, ஆளுநரை மத்தி நியமிக்கிற ஒற்றையாட்சியைக் கொண்டுவந்தது. ஒரே சொல், இரண்டு மட்டம். ஆண்டைப் பாத்துத்தான் பொருள் எடுக்கலாம்.

நல்லூரடி:

மூண்டு பேருக்கும் நன்றி. ஒழுங்கு இப்ப பிடிபட்டிட்டுது. 1830 ஏப்ரல் 6 சட்டத்தை "குடியேற்றத் தடைச் சட்டம்" எண்டு போட்டால் போதுமோ? அடுத்தது, மிசியோன் (கத்தோலிக்க மதப்பணி நிலையம்), பிரெசிதியோ இரண்டும் ஸ்பானியர் காலத்துச் சொல், அதுகளை விட்டிடலாமோ?

தோம்புக்காரன்:

தடை எண்டு மட்டும் போட்டால் குறை. 11 ஆம் பிரிவு தடுத்தது அயல்நாட்டு ஆக்கள் தங்கடை நாட்டை ஒட்டின மெக்சிக்கோ பகுதியிலை குடியேறுறதை, அதாவது நடைமுறையிலை அமெரிக்கரை. மெக்சிக்கரும் ஐரோப்பியரும் வரலாம். மெக்சிக்கர் அங்கை போய்க் குடியேற உதவியும் அதே சட்டத்திலை இருக்கு. நிறைவேறாத ஒப்பந்தங்களை அது நிறுத்தினது. 100 குடும்பத்தை ஏற்கெனவே இருத்தினவை தொடரலாம் எண்டு வியாக்கியானம் எடுத்ததாலை ஒஸ்டினும் இன்னொரு எம்ப்ரெசாரியோவான டெவிற்றும் தப்பினவை. அந்த 100 எங்கையிருந்து வந்தது எண்டு இப்ப தெரியுந்தானே, 1825 சட்டத்தின்ரை அதே 100.

இந்தச் சட்டத்துக்குப் பின்னாலை நிக்கிறது 1828 இல் மெக்சிக்கோத் தளபதி மனுவெல் தெ மியெர் இ தெரான் செய்த எல்லைப் பரிசோதனைப் பயணம். அவற்றை பேர் சொல்லடைவிலை இருக்க வேணும். 11 ஆம் பிரிவு 1833 இல் நீக்கப்பட்டு, 1834 மே மாதத்திலை இருந்து நீக்கம் நடைமுறைக்கு வந்தது. தடை 1836 வரைக்கும் இருந்ததெண்டு எழுதினால் பிழை.

பிரெசிதியோவை விடாதேங்கோ. எல்லைக் காவலரண் அது, படையோட குடும்பங்களும் இருக்கும். 1830 சட்டத்துக்குப் பிறகு தெரான் புதுசாக் காவலரண்கள் போட்டவர். தெனொச்தித்லான், அனாவாக், லிபந்தித்லான். சுங்கமும் அதுகளோடதான் வந்தது. 1832 இல் அனாவாக்கிலை ஏன் குழப்பம் வெடிச்சது எண்டு விளங்க அந்தச் சொல் தேவை. மிசியோன் டெக்சாஸிலை அந்த நேரம் மங்கிப் போச்சு, ஒரு வரி போதும்.

வலிகாமம் வாசகி:

ஒரு சொல்லை ஒருவரும் சொல்லவில்லை: அடிமைமுறை. அது இல்லாமல் இந்தச் சொல்லடைவை வெளியிடக்கூடாது. வந்தவர்களில் பலர் பருத்திச் செய்கைக்காக அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களைக் கொண்டுவந்தவர்கள். 1827 மாநில அரசியலமைப்பின் 13 ஆம் பிரிவு, இனி இங்கே எவரும் அடிமையாகப் பிறக்க முடியாது, ஆறு மாதத்துக்குப் பிறகு கொண்டுவரவும் முடியாது என்றது. 1828 மே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் வெளிநாட்டில் எழுதிய வேலை ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டது. உடனே அடிமைகளை நீண்டகால "ஒப்பந்தப் பணியாளர்" என்று கடதாசியில் மாற்றி எழுதிக் கொண்டுவந்தார்கள். 1829 செப்டெம்பர் 15 இல் சனாதிபதி கெரேரோ அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டார்; டிசம்பரில் டெக்சாஸுக்கு விலக்குக் கொடுபட்டது. ஆகவே ஆவணத்தில் "பணியாளர்" என்று கண்டால், அந்த ஆள் தன் விருப்பத்தோடு கையெழுத்து வைத்தாரா என்ற கேள்வியோடு வாசிக்கச் சொல்லுங்கள்.

"கொலோனியா" என்று வந்தால் குடியேற்றம், குடியேற்ற நாடு இல்லை. ஒஸ்டினின் கொலோனியா மெக்சிக்கோவுக்குள் இருந்த ஒரு குடியேற்றத்திட்டம்.

கொக்குவில் கிழக்கு:

கலிபோர்னியாவையும் தொடப்போறியள் எண்டால் மேலை சொன்ன மாநில அடுக்கை அங்கை கொண்டுபோகாதேங்கோ. மேல் கலிபோர்னியாவும் நியூ மெக்சிக்கோவும் 1824 இல் மாநிலம் ஆகேல்லை, பிரதேசங்கள். மத்தி நேரா ஆண்டது. அங்கை காணி 1828 நவம்பர் 21 ஒழுங்குவிதிப்படி. எம்ப்ரெசாரியோ இல்லாமலே ஆள் நேரை ஆளுநரிட்டைக் கேக்கலாம். விண்ணப்பத்தோட திசேன்யோ எண்டு கையாலை கீறின ஒரு படம் வைப்பினம்: ஆறு, மலை, கொட்டில், பக்கத்துக் காணிக்காரன்ரை பேர். அளவு எடுத்த படம் இல்லை. முழுக் கோவைக்குப் பேர் எக்ஸ்பெதியெந்தே. 1848 இல் கலிபோர்னியா அமெரிக்காவிட்டைப் போனதுக்குப் பிறகு, முக்கியமா 1851 அமெரிக்கக் காணிச் சட்டத்தின் கீழ், ஆணைக்குழுவுக்கு முன்னாலை இந்தப் படங்களை வைச்சுக்கொண்டு எல்லையை நிரூபிக்க எத்தினையோ குடும்பம் அலைக்கழிஞ்சது. மிசியோன் எண்ட சொல்லுக்கும் முழுப் பதிவு அங்கைதான் வேணும்: 1833 ஓகஸ்ட் 17 மதச்சார்பகற்றல் சட்டத்துக்குப் பிறகு மிசியோன் காணிகள்தான் ராஞ்சோக்களா (மாட்டுப் பண்ணைகளா) மாறினது.

எழுத்துக்கூட்டல் விசயம்: ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு எழுதாமல் ஸ்பானிய ஒலியைப் பாருங்கோ. அல்கால்டி இல்லை, அல்கால்தே. ஜெஃபே இல்லை, ஹெஃபே. ரெஜிடோர் இல்லை, ரெஹிதோர். எங்கடை த, ஹ இரண்டும் அதுக்கு நல்லாப் பொருந்தும்.

தோம்புக்காரன்:

கடைசியா ஒண்டு. தெஸ்திமோனியோவை "சாட்சியம்" எண்டு போட்டிடாதேங்கோ. பட்டயத்தின்ரை மூலம், புரோத்தோகோலோ, ஆணையாளரின்ரை சுவடிக் கட்டிலை இருக்கும்; குடியேறிக்குக் கையிலை குடுக்கிறது அதின்ரை அத்தாட்சிப்படுத்தின பிரதி. அந்தப் பிரதிதான் தெஸ்திமோனியோ. எங்கடை நொத்தாரிசு முறையிலை மூல உறுதி காணிக்காரன்ரை கையிலை இருக்கும், டெக்சாஸிலை நேரெதிர். அதாலை ஒரு குடும்பத்திட்டை இருந்த பத்திரம் எரிஞ்சாலும் தொலைஞ்சாலும் உரிமை போகாது, சுவடி இருந்தால் புதுப் பிரதி எடுக்கலாம். சுவடியிலை மூலம் இல்லாமல் கையிலை பிரதி மட்டும் இருந்தால்தான் பத்திரத்திலை சந்தேகப்பட வேணும்.